மாலைச் சந்தை மீனும் இராச் சாப்பாடும்

இருப்புப்பாதை ஒரு முழங்கூட இல்லாத தீவில் இரயில்வே குமாஸ்தாவாக இருப்பவன் நான். பெருநிலம் சென்று இரயிலேற விரும்புவோர்க்குப் பயணச்சீட்டுப் பதிந்து கொடுப்பதே என் தொழில். "இரயிலே ஓடாத ஊரில் உமக்கு என்ன வேலை?" என்று ஊரிலிருந்து வரும் உறவினர் நகைப்பதுண்டு. அதனினும் நகைப்புக்குரிய செய்தி ஒன்று உளது. நாற்புறமும் கடல் சூழ்ந்த இத்தீவுகளில் வாழும் நம்மவர் பலர் வீட்டில், திங்கள் முதல் வெள்ளி வரை இராச் சாப்பாட்டிற்கு மீன் இல்லை. முட்டையும் அப்பளமும் உண்டு. அதுவும் இயலாத நாளில் நூடுல்ஸ் உண்டு. மீன் என்பது ஞாயிற்றுக்கிழமைப் பண்டமாகிவிட்டது.

அந்தமான் நிக்கோபார்த் தீவுகளின் கடற்கரை, முன்னைய கணக்கின்படி 1,962 கிலோமீட்டர் நீளமுடையதாகக் கொள்ளப்பட்டது. இத்தீவுகளைச் சூழ்ந்து இந்தியாவுக்கு உரிமையான பொருளாதாரக் கடற்பரப்பு ஏறத்தாழ 6 இலட்சம் சதுர கிலோமீட்டர். நம் நாட்டின் அத்தகைய கடற்பரப்பில் இது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. வெங்காயமும் உருளைக்கிழங்கும் 1,200 கிலோமீட்டர் கடல் கடந்து கப்பலில் வரவேண்டும். கப்பல் தாமதித்தால் விலை ஏறும். மீனோ வாயிலில் கிடக்கிறது. அதை விட்டுவிட்டு நாம் முட்டைக்குப் போவது ஏன்?

காரணம் சோம்பல் அன்று. கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் குடும்பங்கள் பல. இத்தீவுகள் கிழக்கே வெகுதூரம் தள்ளி இருப்பினும், கடிகாரம் மட்டும் இந்தியப் பொது நேரத்தையே காட்டுகிறது. ஆதலின் ஆண்டு முழுவதும் மாலை ஆறு மணிக்குள் சூரியன் மறைந்துவிடுகிறது. டிசம்பரில் ஐந்து மணிக்கே மறைகிறது. அலுவலகம் விட்டுச் சந்தைக்குப் போகும்போது மின்விளக்கு வெளிச்சத்தில்தான் மீனைப் பார்க்கவேண்டும். காலையில் ஜங்லிகாட் கரையில் இறங்கிய மீன், அந்நேரத்திற்குள் எத்தனை கை மாறியதோ, எவ்வளவு நேரம் பனிக்கட்டியின்றிக் கிடந்ததோ, யார் அறிவார்?

இதை நான் பட்டு அறிந்தேன். சென்ற ஆண்டு ஒரு புதன்கிழமை மாலை, சூரைத் துண்டுகள் விலை மலிவாகக் கிடைத்தன. அவை பனிக்கட்டியின்றிப் பலகைமேல் கிடந்ததைக் கண்டேன், கண்டும் வாங்கினேன். வறுத்து உண்ட அரைமணி நேரத்திற்குள் என் இளைய மகனின் முகமும் கழுத்தும் சிவந்து தடித்தன. தலைவலி என்று அழுதான். மருத்துவர் மருந்து கொடுத்தார். சில மணி நேரத்தில் குணமாயிற்று. அவர் என்னைக் கேட்ட முதற்கேள்வி, "எத்தனை மணிக்கு வாங்கின மீன்?" என்பதே. அன்று முதல் இரண்டு மாதம் எங்கள் வீட்டில் மீன் இல்லை. பையன் மீனின் மணத்தைக் கண்டாலே எழுந்து போனான். ஊரிலிருந்து தொலைபேசியில் இதைக் கேட்ட என் தாயார், "மீன் என்னப்பா செய்யும்? பார்த்து வாங்கத் தெரியாமல் போயிற்று உனக்கு" என்றார். அச்சொல் என்னை உறுத்தியது. மீனவர் தெருவை அடுத்து வளர்ந்த எனக்கே தெரியாவிடில், தீவில் பிறந்த என் மக்களுக்கு யார் சொல்லித் தருவார்?

எந்த மீனில் எச்சரிக்கை வேண்டும்

சூரை, கானாங்கெளுத்தி, மத்தி ஆகிய கருஞ்சதை மீன்களில் ஹிஸ்டிடின் என்னும் சத்து மிகுதி. இவை வெப்பத்தில் கிடந்தால் நுண்ணுயிர்கள் அச்சத்தை ஹிஸ்டமின் என்னும் பொருளாக மாற்றிவிடும். முகம் சிவத்தலும் தடிப்பும் தலைவலியும் அதனால் வருவன. கொதிக்க வைத்தாலும் வறுத்தாலும் அப்பொருள் அழியாது என்பதே இதில் கவனிக்கத்தக்கது. மசாலை கூட்டி மறைப்பதால் பயன் இல்லை. பிடித்த நேரம் முதல் பனிக்கட்டியில் கிடந்த மீனுக்கு இவ்வச்சம் இல்லை. ஆகவே இம்மூன்றையும் பனிக்கட்டியில் வைத்திருப்பவரிடம் மட்டுமே வாங்குக. வாங்கியபின் நேரே வீடு செல்க; மீன்பையுடன் கடைவீதி சுற்றுதல் ஆகாது.

கருவுற்ற தாய்மாரும் சிறு குழந்தைகளும் சுறா முதலிய பெரிய வேட்டை மீன்களைத் தவிர்ப்பது நலம். பெரிய மீன் சிறிய மீன்களைத் தின்று வளர்வதால் அதன் உடலில் பாதரசம் சேர்கிறது. மத்தி, நெத்திலி போன்ற சிறு மீன்களில் அக்குறை மிகக் குறைவு, விலையும் குறைவு.

விளக்கொளியில் மீன் பார்த்தல்

பெயரிலேயே பலர் மயங்குகின்றனர். சென்னையார்க்கு வஞ்சிரம், தூத்துக்குடியார்க்குச் சீலா, குமரியார்க்கு நெய்மீன், இங்குள்ள இந்தி பேசுவோர்க்குச் சுர்மை, மீன் ஒன்றே. மத்தியும் சாளையும் ஒன்று. கானாங்கெளுத்தியும் அயிலையும் ஒன்று. அதையே பாங்கடா என்றும் கேட்கலாம். பெயர் தெரியாவிடினும் பின்வரும் குறிகள் பொய்க்கா.

கண் தெளிந்து புடைத்திருக்க வேண்டும். குழிந்து மங்கிய கண் பழமையைக் காட்டும். செவுளைத் தூக்கிப் பார்க்கத் தயங்கற்க. அது செந்நிறமாக இருத்தல் நலம். பழுப்பு நிறமாயின் விட்டுவிடுக. வண்ண விளக்கின்கீழ் எல்லாச் செவுளும் சிவப்பாகவே தோன்றும் ஆதலின், மீனைக் கையிலெடுத்து வெள்ளை விளக்கருகே கொண்டுபோய்ப் பார்க்கவேண்டும். விரலால் அழுத்தினால் பள்ளம் உடனே நிரம்ப வேண்டும். மத்தி போன்ற சிறு மீனில் முதலில் கெடுவது வயிறு. வயிறு வெடித்த மீன் வேண்டா. நல்ல மீன் கடலின் மணம் வீசும். மூக்கை அரிக்கும் நெடி வீசாது. வெட்டிய துண்டாயின், சதை பளபளத்து நடுவெலும்போடு ஒட்டியிருக்கிறதா என்று நோக்குக. இயன்றவரை முழு மீனாக வாங்கி அங்கேயே வெட்டச் சொல்வது நன்று. துண்டுக்குக் கண்ணும் இல்லை, செவுளும் இல்லை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள், மீன் இனம் பெருகும்பொருட்டு, இயந்திரப் படகுகள் கடலில் மீன் பிடிக்கத் தடை உண்டு. அக்காலத்தில் நல்ல மீன் குறைந்து விலை ஏறும். அப்போது கருவாடு துணை நிற்கும்; வெந்நீரில் ஊறவைத்து நன்கு அலசிக் கத்தரிக்காயோடு குழம்பு வைக்கலாம்.

வாரத்திற்கு ஒரு நாள் உழைப்பு

மாலைச் சந்தையை முற்றும் நம்பாதிருக்க ஒரு வழி உண்டு. விடுமுறை நாளில் அதிகாலையிலேயே சென்று, வாரத்திற்கு வேண்டியதை ஒருசேர வாங்கி வருகிறோம். குடலும் செவுளும் நீக்கிக் கழுவி, ஈரம் துடைத்து, ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாகக் கட்டி உறைபெட்டியில் வைக்கிறோம். ஒரே பெரும் பொட்டலமாக உறையவிட்டால், ஒரு வேளைக்காக முழுவதையும் உருக்க நேரும். சமைக்கும் நாள் காலையில் ஒரு பொட்டலத்தை எடுத்துக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்துவிட்டால், மாலைக்குள் பக்குவமாக இளகியிருக்கும். வெளியே மேடையில் வைத்து இளக்குதல் கூடாது. நெடுநேரம் மின்சாரம் நின்று உருகிப்போன மீனை மறுபடி உறையவைத்தலும் கூடாது, குளிர்ச்சி மாறாதிருந்தால் மட்டும் அன்றே சமைத்துவிடுக. உறையாது குளிர்பெட்டியில் மட்டும் வைத்த மீனை மறுநாளுக்குள் உண்பது நன்று.

அரைமணியில் மூன்று கறிகள்

மீன் வேகும் கணக்கு எளிது: ஓர் அங்குலக் கனத்திற்குச் சுமார் பத்து நிமிடம். இறைச்சியைப்போல் நெடுநேரம் வேகவைப்பதாலேயே நம் வீட்டு மீன் வறண்டு சக்கையாகிறது.

முதலாவது, சொதி. ஈழத்துத் தமிழர் வீடுகளில் பெயர்பெற்ற இது, தேங்காய் மலிந்த இத்தீவுகளுக்கென்றே அமைந்தது போன்றது. சின்ன வெங்காயம், கீறிய பச்சைமிளகாய், கறிவேப்பிலை, சிறிது வெந்தயம், மஞ்சள் ஆகியவற்றை இரண்டாம் தேங்காய்ப்பாலில் வேகவிடுக. வெங்காயம் வெந்ததும் பாரை அல்லது கலவா மீன் துண்டுகளையும் உப்பையும் இடுக. எட்டு நிமிடம் சென்றபின் முதற்பாலை ஊற்றி, நுரைகட்டும்போதே இறக்கி, ஆறத் தொடங்கியதும் எலுமிச்சைச் சாறு பிழிக. அடுப்பிலிருக்கையில் புளிப்பிட்டால் பால் திரிந்துவிடும்.

இரண்டாவது, சூரைப் புட்டு. சூரை வறுத்தால் வறளும், உதிர்த்தால் இனிக்கும். மஞ்சளும் உப்பும் இட்டு ஆவியில் வேகவைத்து, தோலும் முள்ளும் நீக்கி உதிர்க்க. எண்ணெயில் கடுகு தாளித்து, நிறைய வெங்காயம், இஞ்சி, பூண்டு, பச்சைமிளகாய் வதக்கி, உதிர்த்த மீனைச் சேர்த்து ஐந்து நிமிடம் கிளறித் தேங்காய்த்துருவல் தூவுக. முள்ளுக்கு அஞ்சும் குழந்தைகளுக்கு இதனினும் உகந்தது இல்லை.

மூன்றாவது, மத்திப் புளிக்குழம்பு. இதை முதல்நாள் இரவே வைத்துவிடலாம். ஆறியதும் குளிர்பெட்டியில் வைத்து, மறுநாள் மாலை நன்றாகக் கொதிக்கவிட்டால் போதும். புளியும் காரமும் மீனில் இறங்கி, அன்று வைத்ததைக் காட்டிலும் சுவை கூடியிருக்கும். சோறு மட்டும் வடித்தால் இராச் சாப்பாடு ஆயிற்று. இக்குழம்பால் என் மனைவிக்குக் கிடைத்த அரைமணி ஓய்வை நான் கண்ணால் கண்டேன். அந்த அரைமணியில் அவள் எங்கள் மகளுக்குத் தமிழ் எழுத்துப் பழக்குகிறாள்.

இரண்டு மாதம் மீனை வெறுத்த என் இளைய மகனைத் திருப்பியது எந்தப் பக்குவமும் அன்று. ஒரு ஞாயிறு காலை அவனைச் சந்தைக்கு அழைத்துச் சென்று, செவுளைத் தூக்கிப் பார்க்கக் கற்றுக்கொடுத்தேன். மூன்று கூடைகளை வேண்டாமென்று தள்ளி, நான்காவதில் ஓர் அயிலையை எடுத்து நீட்டினான். மீன் விற்ற தெலுங்கு அம்மையார் சிரித்துவிட்டார். தானே தேர்ந்த மீனாதலின் அன்று அவன் உண்டான். அஞ்சியதைக் கையிலெடுத்துப் பார்த்தபின் அச்சம் பாதி போய்விடுகிறது போலும்.

நம் தாய்மார் எழுத்தில் வையாது கைப்பழக்கமாகவே காத்துவந்த அறிவு இது. ஊர்விட்டு வந்த நாம் பாத்திரம் பண்டங்களைக் கப்பலில் ஏற்றினோம். இதைப் பலர் கரையிலேயே விட்டுவிட்டோம். தீவின் பல பகுதிகளிலும் உள்ள சகோதரிகள், தத்தம் வீட்டில் வழங்கும் எளிய மீன் கறி ஒன்றை நம் இதழுக்கு எழுதி அனுப்புவார்களாக. அடுத்த ஞாயிறு சந்தைக்குப் போகும் அன்பர்கள், பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்வார்களாக.