பச்சை எங்கிருந்து வந்தது?

வெயில் படும் தண்ணீர்த் தொட்டியைச் சில வாரம் கழுவாமல் விட்டால் தண்ணீர் பச்சையாகிவிடும். "பாசி பிடித்துவிட்டது" என்று தேய்த்துக் கொட்டிவிடுகிறோம். அதில் ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வைத்துப் பாருங்கள். எத்தனையோ தனித்தனி உயிர்கள்! பலவற்றுக்கு உடம்பு முழுவதுமே ஒரே ஓர் உயிரணுதான். வேரில்லை, இலையில்லை, ஆனாலும் நாம் பால்வெட்டும் ரப்பர் மரத்தைப் போலவே வெயிலைக் கொண்டு உணவு சமைத்துக்கொள்கின்றன.

அந்தச் சமையற்கட்டுக்குப் பசுங்கணிகம் என்று பெயர். உயிரணுவுக்குள்ளேயே அது தனிக்குடித்தனம் நடத்துகிறது. சுற்றிலும் சொந்தச் சவ்வுகள். உள்ளே சொந்த மரபுப்பொருள். ஏன் இப்படி? அது ஒரு காலத்தில் வெளியே திரிந்த தனி உயிர் என்று 1905இல் ரஷ்ய அறிஞர் மெரெஷ்கோவ்ஸ்கி எழுதினார். பெரும்பாலோர் அதைப் பொருட்படுத்தவில்லை. 1967இல் அமெரிக்கப் பெண்மணி லின் மார்குலிஸ் அதே கருத்துக்கு மறுபடி உயிர் கொடுத்தார். பிறகு மரபுப்பொருளை ஒப்பிட்டுப் பார்த்ததில் உண்மை வெளிப்பட்டது. நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்னால், நீலப்பச்சைப் பாசி எனப்படும் பாக்டீரியா ஒன்றைப் பெரிய உயிரணு ஒன்று விழுங்கியது. செரிக்காமல் உள்ளேயே வைத்துக்கொண்டது. செம்பனை ஓலையின் பச்சையும் அந்த வழியில் வந்ததுதான்.

நம் ஜொகூரிலேயே இதைவிட விசித்திரமான ஒன்று உண்டு. 2014 பிப்ரவரியில், சிங்கப்பூர் செல்லும் கடற்பாலத்துக்கு மேற்கே, நீரிணையில் கூண்டு கட்டி வளர்த்த மீன்கள் கூட்டங்கூட்டமாகச் செத்து மிதந்தன. மாதக்கணக்கில் தீனி போட்டு வளர்த்தவர்களின் வயிற்றெரிச்சலைச் சொல்லவா வேண்டும்? ஆய்வாளர்கள் அந்த நீரைச் சோதித்தார்கள். கார்லோடினியம் ஆஸ்திராலே என்னும் ஓரணுப் பாசி அதில் பெருகிக் கிடந்தது. இந்த இனத்துப் பாசிகளில் சில, மீனின் செவுளைச் சிதைக்கும் நஞ்சைச் சுரப்பவை.

அதற்கு இரண்டு சாட்டை இழைகள். ஒன்று இடுப்புப் பள்ளத்தில் அரைஞாண் போலச் சுற்றிக் கிடக்கும்; மற்றது வாலாகப் பின்னால் நீளும். இரண்டும் அசைய, உடம்பு சுழன்றுகொண்டே நீந்தும்.

அதன் பசுங்கணிகமோ முன்னோரிடமிருந்து வந்த சொத்தல்ல. முன்னோர் செம்பாசி ஒன்றின் வழியாகப் பெற்றிருந்ததை இழந்துவிட்டு, பிறகு வேறொரு ஓரணுப் பாசியை விழுங்கி அதன் சமையற்கட்டை எடுத்துக்கொண்டார்கள். அது பழுப்பும் பொன்னும் கலந்த நிறம்.

இவ்வளவு இருந்தும் இது வெயிலை மட்டும் நம்பிப் பிழைப்பதில்லை. பக்கத்தில் வரும் மற்ற ஓரணு உயிர்களை இன்றைக்கும் பிடித்துத் தின்கிறது.