மேக் எதைத் தொடும், எதை விடும்?

மூல நிரலை இறக்கி, டெர்மினலில் ‘மேக்’ என்று தட்டினால், கோப்புகள் வரிசையாக கம்பைல் ஆகி மென்பொருள் தயாராகிறது. முதல் தடவை நேரம் பிடிக்கும். ஒரு கோப்பை மட்டும் திருத்திவிட்டு மறுபடி தட்டினால், சட்டென்று முடிகிறது. எப்படி?

ஒவ்வொரு கோப்பும் கடைசியாக மாறிய நேரத்தை இயங்குதளம் குறித்து வைக்கிறது. மேக் அந்த நேரங்களை ஒப்பிடுகிறது. ‘மெயின்.சி’ 10:05-க்கும், அதிலிருந்து உருவான ‘மெயின்.ஓ’ 10:00-க்கும் பதிவாகியிருந்தால், பின்னது பழசு. அதை மட்டும் புதுப்பித்து மற்றவற்றுடன் இணைக்கிறது. எது எதைச் சார்ந்தது என்ற விவரம் மேக்ஃபைலில் இருக்கும்.

ஏன் இந்த ஏற்பாடு? பெல் ஆய்வகத்தில் ஸ்டீவ் ஜான்சன் பிழையைச் சரிசெய்த பிறகும், திருத்திய கோப்பு கம்பைல் ஆகாததால் ஒரு காலைப் பொழுதையே இழந்தார். அதைக் கேட்ட ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976-இல் மேக்கை எழுதினார். லினக்ஸ் கெர்னல் இன்றும் அதன் குனு வடிவத்தைக் கொண்டே உருவாக்கப்படுகிறது.