அட்டையில் பணம் இல்லை

வங்கிக் கணக்கையும் பற்று அட்டையையும் பதின்வயதினருக்குக் கற்பிக்க முற்படுகிறவர்கள் பெரும்பாலும் அட்டையிலிருந்தே தொடங்குகின்றனர். அதை எப்படிச் செருகுவது, எந்தப் பொத்தானை அழுத்துவது, ரகசிய எண்ணை யாரிடமெல்லாம் சொல்லக்கூடாது என்ற வரிசையில் பாடம் நகர்ந்து அரை மணி நேரத்தில் முடிந்தும் விடுகிறது. செய்முறை அளவில் இதில் குறையொன்றும் இல்லை என்றாலும், அட்டைக்குள் பணம் இருக்கிறது என்ற எண்ணத்தை இப்பாடம் மாணவர் மனத்தில் அப்படியே விட்டுவிடுகிறது. அட்டையில் பணம் இல்லை. கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்ற குறிப்புகூட அதில் இல்லை. இதை ஐயமறப் புரிந்துகொண்ட பதினான்கு வயதுப் பிள்ளை, மற்ற விதிகளில் பலவற்றைத் தானே யோசித்துக் கண்டுகொள்ளும்.

பணம் எங்கே இருக்கிறது என்ற கேள்விக்குப் பாஸ்புக்தான் விடை சொல்கிறது. கணக்கில் போட்ட ஐந்நூறு ரூபாய்த் தாள், வாடிக்கையாளர் பெயர் எழுதிய உறைக்குள் வங்கியின் இரும்புப் பெட்டியில் காத்திருப்பதில்லை. அது செலுத்தப்பட்ட நொடியிலேயே வங்கியின் சொத்தாகிவிடுகிறது. அதற்கு ஈடாக, கேட்கும்போது ஐந்நூறு ரூபாய் தர வங்கி கடன்பட்டிருக்கிறது என்ற பதிவு அதன் பேரேட்டில் ஏறுகிறது. ‘இருப்பு’ என்று பாஸ்புக்கில் அச்சாவது அந்தக் கடனின் அளவே. தமிழ் வீடுகளில் இதை விளக்க மளிகைக் கடைப் பற்று நோட்டைவிட நல்ல கருவி இல்லை. கடைக்காரர் நோட்டில் பற்று எழுதும்போது வீட்டார் கடைக்குத் தர வேண்டிய தொகை ஏறுகிறது. வங்கி பாஸ்புக்கில் பற்று எழுதும்போது, வங்கி வீட்டாருக்குத் தர வேண்டிய தொகை இறங்குகிறது. சொல் ஒன்றே, கடன்பட்டவர் மட்டும் இடம் மாறியிருக்கிறார். இரண்டு நோட்டுகளையும் அருகருகே வைத்து, ஒவ்வொரு வரியிலும் யார் யாருக்குக் கடன்பட்டிருக்கிறார் என்று கேட்டாலே போதும், கணக்குப்பதிவியலின் அடிப்படை பிள்ளைக்கு வசப்பட்டுவிடும். கடன் என்றால் அது திரும்பாமல் போகும் வாய்ப்பும் உண்டு என்பதால்தான், வங்கி நொடித்துப்போனால் ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை ஈடுகட்டும் வைப்புத்தொகைக் காப்பீடு இந்தியாவில் இருக்கிறது. 1 லட்சமாக இருந்த இவ்வரம்பு 2020 பிப்ரவரியில் உயர்த்தப்பட்டது.

அமெரிக்கப் பாடங்களில் ‘செக்கிங் அக்கவுன்ட்’ என்று வருவது அன்றாடச் செலவுக்கான, காசோலையும் பற்று அட்டையும் இணைந்த கணக்கு. சேமிப்புக் கணக்கு அங்கே தனியாக இருக்கும். இந்தியாவில் நடப்புக் கணக்கு வணிகர்களுக்கானது என்பதால், தனிமனிதரின் அன்றாடச் செலவையும் சேமிப்பையும் ஒரே சேமிப்புக் கணக்கு சுமக்கிறது. இருப்புக்கு மேல் செலவழிக்கவிட்டு அதற்குக் கட்டணம் வாங்கும் மிகைப்பற்று வழக்கமும் அமெரிக்க இளைஞர்களைப் போல இந்தியச் சிறாரைத் தொடுவதில்லை. பத்து வயது நிறைந்த சிறார் தாமே சேமிப்புக் கணக்கைத் தொடங்கி இயக்கலாம் என்று 2025 ஏப்ரலில் வெளியிட்ட அறிவிக்கையில் உறுதிப்படுத்திய இந்திய ரிசர்வ் வங்கி, அத்தகைய கணக்கில் இருப்பு ஒருபோதும் பூஜ்யத்துக்குக் கீழே போகக்கூடாது என்றும் விதித்திருக்கிறது. அட்டை, காசோலைப் புத்தகம், இணைய வங்கிச் சேவை ஆகியவற்றைத் தருவதும் உச்சவரம்பை வகுப்பதும் அந்தந்த வங்கியின் முடிவுக்கு விடப்பட்டுள்ளன.

இனி அட்டையை எடுத்துப் பார்க்கலாம். அதன் நீண்ட எண் தாறுமாறாகக் கோத்த இலக்கங்கள் அல்ல: முதல் இலக்கங்கள் அட்டை எந்த வலையமைப்பைச் சேர்ந்தது, எந்த வங்கி வழங்கியது என்பதையும், நடுவில் வருபவை அந்த வங்கிக்குள் அது எந்த அட்டை என்பதையும் காட்டுகின்றன. விசா அட்டைகள் 4 என்று தொடங்குவதும், இந்தியத் தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் 2012இல் கொண்டுவந்த ரூபே அட்டைகள் பல 6 என்று தொடங்குவதும் இதனால்தான். கடைசி இலக்கம் மட்டும் எதையும் குறிப்பதில்லை. முன்னால் உள்ள இலக்கங்கள் பிழையின்றி எழுதப்பட்டனவா என்று சோதிப்பதற்காகவே அது நிற்கிறது. ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய ஹான்ஸ் பீட்டர் லூன் 1954இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த அந்தச் சோதனை முறையை எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒரு தாளில் செய்து பார்த்துவிடலாம்.

41728353 என்ற எட்டு இலக்க எண்ணை எடுத்துக்கொண்டு, வலது ஓரத்தில் உள்ள சோதனை இலக்கமான 3ஐ விட்டுவிட்டு, அதற்கு அடுத்த 5இல் தொடங்கி ஒன்றுவிட்டு ஒன்றாக இடப்புறம் நகர்ந்து இரட்டிக்க வேண்டும். 5, 8, 7, 4 ஆகியவை 10, 16, 14, 8 என்று ஆகும்; ஈரிலக்கமாகிவிட்டவற்றின் இலக்கங்களைக் கூட்டிக்கொண்டால் 1, 7, 5, 8 கிடைக்கும்; இவற்றின் கூட்டல் 21. இரட்டிக்காமல் விட்ட 3, 2, 1 சேர்ந்து 6. மொத்தம் 27; இதை முப்பதாக்க இன்னும் 3 வேண்டும், அந்த 3தான் கடைசியில் நிற்கிறது. ஓர் இலக்கத்தைத் தவறாக எழுதினால் மொத்தம் பத்தின் மடங்காக வராது. அடுத்தடுத்த இரு இலக்கங்கள் இடம் மாறினாலும் பிழை பிடிபடும். 0, 9 என்ற ஜோடி மட்டும் விதிவிலக்கு, அது ஏன் தப்பிக்கிறது என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டால் அந்த வகுப்பு எளிதில் மறக்காது. இணையத்தில் அட்டை எண்ணைத் தவறாகத் தட்டியதும் வங்கியைக் கேட்காமலேயே ‘எண் செல்லாது’ என்று திரை சொல்லிவிடுவது இந்தக் கணக்கினால்தான். எனினும் இது கைப்பிழையைப் பிடிக்கும் வலையே. இதற்குத் திருடரைத் தடுக்கும் வலிமை சிறிதும் கிடையாது.

திருடரைத் தடுப்பது அட்டையின் முகப்பில் பொன்னிறத்தில் மின்னும் சில்லு. அதற்கு முன்பு அந்த வேலையைப் பின்புறத்துக் காந்தப் பட்டை செய்துவந்தது. 1960களின் தொடக்கத்தில் ஐபிஎம் பொறியாளர் ஃபாரஸ்ட் பாரி அந்தப் பட்டையைப் பிளாஸ்டிக்கில் ஒட்ட வழி தெரியாமல் திணறியபோது, துணி தேய்த்துக்கொண்டிருந்த அவர் மனைவி இஸ்திரிப் பெட்டியால் சூடுகாட்டி ஒட்டச் சொன்னார் என்று அந்நிறுவனமே தன் வரலாற்றில் பதிந்துள்ளது. பட்டையின் குறை, தன்னிடம் உள்ளதை யார் கேட்டாலும் ஒரே மாதிரி ஒப்பித்துவிடும் என்பது. ஒருமுறை படித்தவர் அதை வேறோர் அட்டையில் அப்படியே படியெடுக்க முடிந்தது. சில்லு அப்படி ஒப்பிப்பதில்லை. அதற்குள் இருக்கும் ரகசியச் சாவி ஒருபோதும் வெளியே வராது; கடைக் கருவி தரும் தொகை, தேதி, அந்நேரத்துக்கென்று உண்டாக்கிய ஓர் எண் ஆகியவற்றோடு தன் வரிசை எண்ணையும் சேர்த்து, அந்தச் சாவியால் கணித்த ஒரு மறைகுறியை மட்டும் சில்லு வெளியே நீட்டும். அடுத்த முறை அதே கடையில் அதே தொகைக்குச் செருகினாலும் மறைகுறி வேறாகவே இருக்கும் என்பதால், ஒட்டுக்கேட்டவருக்குக் கிடைத்தது அந்த ஒருமுறைக்குப் பின் பயன்படாது. இந்திய வங்கிகள் காந்தப் பட்டை மட்டுமே கொண்ட அட்டைகளை 2018 டிசம்பர் 31க்குள் சில்லு அட்டைகளாக மாற்ற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கட்டளையிட்டதன் காரணம் இதுவே.

ஆக, அட்டை சுமந்து செல்வது ஒரு கேள்வியையும், கேட்பது உரிய அட்டைதான் என்பதற்கான சான்றையும் மட்டுமே. கடையில் செருகியதும் ‘இந்தக் கணக்கிலிருந்து 240 ரூபாய் தரலாமா’ என்ற கேள்வி கடைக்காரரின் வங்கிக்கும், அங்கிருந்து ரூபே, விசா, மாஸ்டர்கார்டு போன்ற வலையமைப்புக்கும், அங்கிருந்து அட்டை வழங்கிய வங்கிக்கும் ஓடுகிறது. அந்த வங்கி மறைகுறியையும் ரகசிய எண்ணையும் இருப்பையும் சரிபார்த்து, பெரும்பாலும் ஈரிலக்கக் குறியீடு ஒன்றால் பதில் சொல்கிறது. 00 என்றால் சம்மதம். 51 என்றால் இருப்புப் போதவில்லை. 55 என்றால் ரகசிய எண் தவறு. 91 என்றால் அட்டை வழங்கிய வங்கியே பதில் சொல்லும் நிலையில் இல்லை. ‘கார்டு வேலை செய்யல’ என்ற ஒரே வாக்கியத்துக்குள் இத்தனை வேறுபாடுகள் அடங்கியிருக்கின்றன என்பதை அறிந்த பிள்ளை, வரிசையில் பின்னால் நிற்பவர்கள் முன்னே கூசிக் குறுகாமல், தவறு எங்கே என்று நிதானமாகக் கேட்கும். சம்மதம் கிடைத்ததும் வாடிக்கையாளர் கணக்கில் பற்று எழுதப்பட்டுவிடுகிறது. வங்கிகள் தமக்குள் நிகரத் தொகையைத் தீர்த்துக்கொள்வது பின்னரே நடக்கிறது.

கேள்விக்கும் தீர்வுக்கும் இடையிலான இந்த இடைவெளியில்தான், இளையோர் மிகவும் அஞ்சும் விபத்து நிகழ்கிறது: ஏடிஎம்மில் பணம் வரவில்லை, கணக்கில் மட்டும் குறைந்துவிட்டது. பணம் தொலையவில்லை, பற்று எழுதிய பின் பதில் வழியில் அறுந்திருக்கிறது, அல்லது இயந்திரம் தாளை வெளியே தள்ளத் தவறியிருக்கிறது. 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வகுத்த விதிப்படி, வங்கி அத்தொகையை ஐந்து நாட்களுக்குள் தானாகவே திருப்பி வரவு வைக்க வேண்டும். தவறினால் அதன் பிறகு ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும். இயந்திரம் தரும் துண்டுச் சீட்டைக் கசக்கி எறியக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் பிள்ளைகளுக்குத் தேவையில்லை.

ஏடிஎம் கட்டணத்தையும் இங்கேயே கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் பிற வங்கி இயந்திரங்களை மாதம் மூன்று முறையும், மற்ற ஊர்களில் ஐந்து முறையும் இலவசமாகப் பயன்படுத்தலாம். அதைத் தாண்டினால் 2025 மே முதல் ஒரு முறைக்கு 23 ரூபாய் வரை வங்கி வசூலிக்கலாம். நூறு ரூபாய் எடுக்க 23 ரூபாய் என்பது எந்த வட்டிக்கடையிலும் கேட்டிராத விகிதம். பிற வங்கி இயந்திரத்தில் இருப்பைப் பார்ப்பதும் அந்த எண்ணிக்கையில் சேரும் என்பதைப் பெரியவர்களே பலர் அறிவதில்லை.

ரகசிய எண் நான்கு இலக்கமானதன் பின்னணியும் சொல்லத் தக்கது. 1967 ஜூன் 27 அன்று லண்டனின் என்ஃபீல்டு பகுதியில் பார்க்லேஸ் வங்கி திறந்த பணம் தரும் இயந்திரத்தை உருவாக்கியவர், ஷில்லாங்கில் பிறந்த ஜான் ஷெப்பர்டு-பேரன். ஆறு இலக்கம் வைக்க எண்ணியிருந்த தாம், நான்குக்கு மேல் நினைவில் நிற்காது என்று மனைவி சொன்னதால் குறைத்துக்கொண்டதாக அவரே பின்னாளில் கூறினார். நான்கு இலக்கங்களில் 10,000 எண்கள் அமையும். வழக்கமாக மூன்று தவறான முயற்சிகளில் அட்டை முடங்கிவிடுவதால், கண்மூடித்தனமாக ஊகிப்பவருக்கு வாய்ப்பு பத்தாயிரத்தில் மூன்றே. பிறந்த நாளையும் மாதத்தையும் ரகசிய எண்ணாக வைத்தவுடன் பத்தாயிரம் என்பது 366 ஆகச் சுருங்குகிறது. பள்ளி மாணவர் நிலையில் அதுவும் இல்லை. அட்டை இருக்கும் அதே பர்ஸில் பள்ளி அடையாள அட்டையும் இருக்கும், அதில் பிறந்த தேதி அச்சிட்டிருக்கும், திருடருக்கு ஒரே முயற்சி போதும். 5,000 ரூபாய் வரையிலான தொகைக்கு அட்டையைக் கருவியருகே காட்டினாலே போதும், ரகசிய எண் தேவையில்லை என்ற வசதியையும், வேண்டாதவர்கள் அதை வங்கிச் செயலியில் அணைத்துவைக்கலாம் என்பதையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

இணையத்தில் அட்டையே எதிரில் இல்லை என்பதால், சில்லின் இடத்தைச் செல்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல் எடுத்துக்கொள்கிறது. பலரும் அந்த ஆறு இலக்கங்களை மட்டுமே பார்க்கிறார்கள்; அவற்றோடு அதே குறுஞ்செய்தியில் தொகையும் பணம் பெறுபவரின் பெயரும் வருகின்றன. ‘பரிசு வந்திருக்கிறது’ என்று அழைத்தவரிடம் எண்ணைச் சொல்வதற்கு முன் அந்த ஒரு வரியைப் படித்தால், வரவுக்கு அல்ல, பற்றுக்கே அது அனுமதி கேட்கிறது என்பது தெரிந்துவிடும். தன் கணக்குக்குப் பணம் வருவதற்கு யாரும் ரகசிய எண்ணோ கடவுச்சொல்லோ தர வேண்டியதில்லை. ஏமாந்துவிட்டால் முதலில் செய்ய வேண்டியது அழுவதும் மறைப்பதும் அல்ல, வங்கிக்கும் 1930 என்ற இணையக்குற்ற உதவி எண்ணுக்கும் அழைப்பதே. வங்கியோ வாடிக்கையாளரோ காரணமாகாத மோசடியை மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பில்லை என்று 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வகுத்தது; தாமே எண்ணைச் சொல்லிவிட்டவரும், புகார் பதிவான பின் நடக்கும் இழப்பைச் சுமக்க வேண்டியதில்லை. அப்பா திட்டுவார் என்று ஒரு பிள்ளை மறைக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் விலை உண்டு. ஆகவே திட்டமாட்டோம் என்ற வாக்கை, அட்டையைக் கையில் கொடுக்கும் நாளிலேயே பெற்றோர் கொடுத்துவிட வேண்டும்.

இவற்றை எப்போது கற்பிப்பது என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. 2014இல் ஃபெர்னாண்டஸ், லிஞ்ச், நெட்டமையர் ஆகியோர் முந்தைய 201 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, மக்களின் பண நடத்தையில் காணும் வேறுபாட்டில் நிதிக் கல்வியால் விளக்கக்கூடியது 0.1 சதவீதம் மட்டுமே என்றும், கற்றது காலப்போக்கில் கரைந்துவிடுகிறது என்றும் கண்டனர். 2022இல் கைசர், லூசார்டி உள்ளிட்டோர் 76 சோதனைகளைத் தொகுத்து, அக்கல்வி அறிவையும் நடத்தையையும் உண்மையாகவே மேம்படுத்துகிறது என்று நிறுவினர். முடிவுகள் முரண்பட்டாலும், தேவை எழும் நேரத்தை ஒட்டிக் கற்பிக்க வேண்டும் என்று முந்தைய ஆய்வாளர்கள் சொன்ன யோசனை வலுவானது. கணக்கில்லாத பிள்ளைக்குக் கணக்கைப் பற்றிய பாடம், குளமில்லாத ஊரில் நீச்சல் வகுப்பு நடத்துவது போன்றது.

ரொக்கத்தைக் கொடுக்கும்போது மனத்தில் எழும் சிறு வலி அட்டையைக் காட்டும்போது மழுங்குகிறது என்பதற்கும் சான்று உண்டு. பிரெலெக், சிமெஸ்டர் என்ற இரு ஆய்வாளர்கள் 2001இல் வெளியிட்ட சோதனையில், கூடைப்பந்துப் போட்டிச் சீட்டுக்குக் கடன் அட்டையால் செலுத்த இருந்தவர்கள், ரொக்கம் தர இருந்தவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு விலை தர முன்வந்தனர். அது கடன் அட்டை. பற்று அட்டையில் பணம் உடனே குறைவதால் அதே அளவு விளைவை எதிர்பார்க்க முடியாது. ஆயினும் கையில் தாள் குறையும் காட்சி இரண்டிலும் இல்லை, அந்தக் காட்சியைப் பாஸ்புக்தான் திருப்பித் தர முடியும். மாதக் கடைசி ஞாயிறன்று பதிவை அச்சிட்டோ செயலியில் திறந்தோ வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பற்றுக்கும் எதிரே அது என்ன செலவு என்று பிள்ளை தன் கையால் எழுதட்டும். பெற்றோர் அருகில் இருந்தால் போதும். நினைவுக்கு வராத வரி ஏதேனும் ஒன்று பெரும்பாலும் இருக்கும்: மறந்துபோன சந்தா, வங்கியின் ஆண்டுக் கட்டணம், இரண்டு முறை எழுதப்பட்ட ஒரே தொகை. அந்த வரியைப் பற்றி வங்கிக் கிளைக்குப் போய்க் கேட்க வேண்டியவர் அட்டைக்கு உரியவரே. பதினெட்டு வயது நிறையும் நாளில் வங்கி அவரை அழைத்து, கணக்கை இயக்குவதற்கான புதிய அறிவுறுத்தலையும் மாதிரிக் கையெழுத்தையும் கேட்கும். அப்போது அந்தக் கிளையின் வாசலும், எந்த மேசையில் யாரிடம் பேச வேண்டும் என்பதும் அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்.