டயரை மாற்றுவதா, இன்னுமொரு பயணம் ஓடுவதா?

சென்ற வருடம் நோன்புக்கு முன்னைய வாரம். காத்தான்குடிக் கடைகளுக்கான பெருநாள் உடுப்புப் பொதிகளை வேனில் ஏற்றிக் கொண்டிருந்தோம். சாரதித் தம்பி வந்து, "முதலாளி, பின் சில்லைக் கொஞ்சம் பாருங்க" என்றார். எலுமிச்சம்பழத்தைப் பாதியாக வெட்டி ஒட்டியது போல டயரின் பக்கச் சுவரில் ஒரு வீக்கம். முதல் நாள் கடுகண்ணாவையில் குழியொன்றில் விழுந்ததாம். பஞ்சர் இல்லை, காற்றும் இறங்கவில்லை.

சீசன் நேரம் ஒரு நாள் பிந்தினால் என்னவாகும் என்பது வியாபாரிகளான உங்களுக்குத் தெரியும். "இந்தப் பயணம் போயிட்டு வாங்க, வந்து மாத்துவோம்" என்றேன். அவர் எதிர்த்துப் பேசவில்லை. "பதினெட்டு வளைவு இறங்க வேணுமே முதலாளி" என்று மட்டும் சொன்னார். கண்டி - மஹியங்கனை வீதியில் சுமையோடு இறங்கியவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. நான் கடையில் இருப்பவன். இறங்கப் போவது அவர்.

உண்மையில் அந்த வீக்கம் என்ன? டயரைத் தாங்குவது வெறும் இறப்பர் அல்ல, அதனுள்ளே நெய்யப்பட்டிருக்கும் நூல்கள். குழியின் விளிம்புக்கும் ரிம்முக்கும் இடையில் டயர் நசுங்கும்போது அவை அறுந்து விடுகின்றன. அறுந்த இடத்தில் காற்றைத் தடுத்து நிற்பது இறப்பர் மட்டுமே. சுமையும் சூடும் கூடக்கூட அது மெலியும். எப்போது வெடிக்கும் என்று எவராலும் கூற முடியாது. "உள்ளே பட்ச் ஒன்று வைத்துத் தருகிறேன்" என்று ஒரு கடையில் சொன்னார்கள். பட்ச் ஓட்டையை அடைக்கும், அறுந்த நூலைச் சேர்க்காது. பக்கச் சுவரில் வீக்கமோ, நூல் தெரியும் வெட்டோ இருந்தால் பழுதுபார்ப்பு என்ற பேச்சே இல்லை.

ஆணி ஏறிய டயரின் கதை வேறு. நிலத்தில் உருளும் பகுதியின் நடுவில், 6 மில்லிமீற்றருக்கு மேற்படாத துளை என்றால் வேன் டயரைத் திருத்தி ஓடலாம். ஆனால் வெளியிலிருந்து குச்சியைச் செருகி அனுப்புவது போதாது. டயரை ரிம்மிலிருந்து கழற்றி உள்ளே பார்க்க வேண்டும். காற்றில்லாமல் கொஞ்சத் தூரம் ஓடியிருந்தாலே பக்கச் சுவர் உள்ளுக்குள் அரைபட்டு இறப்பர் தூள் கொட்டிக் கிடக்கும். தூளைக் கண்டால் அந்த டயரை விட்டுவிடுங்கள், வெளியே எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் சரி.

இனிக் கணக்குக்கு வருவோம். நம்மில் பலர் தவறுவது இங்குதான். புது டயருக்கு என்னிடம் கேட்டது 40,000 ரூபா. "இந்த டயரால் எனக்கு 40,000 நட்டம்" என்றுதான் மனம் சொன்னது. அது பிழையான கணக்கு. அந்த டயர் 50,000 கிலோமீற்றர் ஓடும் என்று வைத்தால், ஏற்கனவே 30,000 ஓடிவிட்டது. எப்படியும் இன்னும் 20,000 கிலோமீற்றரில் புதிது வாங்கத்தான் போகிறேன். ஆகவே குழி என்னிடமிருந்து பறித்தது மிச்சமிருந்த ஐந்தில் இரண்டு பங்கு, அதாவது 16,000 ரூபா. அதை மிச்சம் பிடிக்க ஒரு வேன் நிறையச் சரக்கையும் ஒரு மனிதரையும் மலையிலிருந்து இறக்கப் பார்த்தேன்.

ஸ்பெயார் சில்லைப் போட்டு அனுப்பலாமே என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் அதே யோசனை வந்தது. டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் பொறித்திருப்பார்கள். முதலிரண்டு வாரம், கடைசியிரண்டு வருடம். எமது ஸ்பெயாரில் இருந்தது 1114. 2014ஆம் ஆண்டின் 11ஆவது வாரம்! ஒரு நாளும் ஓடாத டயர், ஆனால் பத்து வருடத்தைத் தாண்டியது, விரல் வைத்தால் வெடிப்புகள் தட்டுப்பட்டன. ஓடாவிட்டாலும் இறப்பர் முதிரும். 2020இல் வாகன இறக்குமதி நின்று 2025 வரை பழைய வேன்களையே ஓட்டி வந்த நம்மில் எத்தனை பேர் ஸ்பெயாரின் திகதியைப் பார்த்திருக்கிறோமோ தெரியாது. ஐந்து வருடம் தாண்டிய டயரை வருடா வருடம் காட்டிப் பாருங்கள், பத்தானால் கழற்றி விடுங்கள்.

வாங்கும்போது அளவு மட்டும் பார்த்தால் போதாது, சுமை இலக்கமும் பார்க்க வேண்டும். 106/104 என்றால் ஒற்றைச் சில்லில் 950 கிலோ, இரட்டைச் சில்லில் 900 கிலோ தாங்கும். விலை குறைவு என்று கார் டயரை வேனுக்குப் போடுபவர்களும் இருக்கிறார்கள். நான் பின்னுக்கு இரண்டையும் புதிதாகவே போட்டேன். ஒரே அச்சில் ஒன்று புதிது, ஒன்று தேய்ந்தது என்றால் மழையில் வேன் ஒரு பக்கம் இழுக்கும். கழற்றிய நல்ல டயர் ஸ்பெயாரானது.

காலையில் புறப்பட வேண்டிய வேன் லுஹருக்குப் பின்னர் புறப்பட்டது. கடைக்காரர்கள் இருவர் தொலைபேசியில் ஏசினார்கள். இரவு சரக்குப் போய்ச் சேர்ந்தது.

வீங்கிய டயரை 3,000 ரூபாவுக்குக் கேட்டு ஒருவர் வந்தார். எங்கேயாவது இன்னொரு வேனில் ஏறும் என்று தெரியும். சாரதித் தம்பியைக் கூப்பிட்டு, அவர் பார்த்திருக்கவே பக்கச் சுவரைக் கத்தியால் அறுத்துப் போடச் சொன்னேன். அறுத்த இடத்தில் நூல்கள் தும்புக் கயிறு போலப் பிரிந்து கிடந்தன.