எடை குறைந்தால் உறுதி குறையுமா?



திரைப்படங்களில் துப்பறிவாளர் தம் கோட்டுக்குள்ளிருந்து சிறிய ரிவால்வர் ஒன்றைச் சட்டென்று எடுப்பதை நாம் பார்த்திருக்கிறோம். மலேசியாவில் உரிமமின்றி அதை வைத்திருப்பது 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். ஆகவே அது நம் கைக்கு வரவேண்டிய பொருளன்று. ஆனால் அதன் உலோகம் படும் பாட்டை அறிவதில் நமக்குப் பயன் உண்டு. நம் அடுப்பங்கரைப் பானையும் பால் வெட்டும் கத்தியும் அதே பாட்டைத்தான் படுகின்றன.

ஆடைக்குள் மறைத்து வைக்கும் ரிவால்வர் அமெரிக்காவில் பெரிதும் வளர்ந்த பொருள். சீருடை அணியாத காவலர்கள் அதை நாள் முழுதும் இடுப்பிலோ சட்டைப்பையிலோ சுமக்க வேண்டியிருந்தது. எஃகினால் செய்த சிறிய ரிவால்வர்கூட ஏறத்தாழ 600 கிராம் எடை இருக்கும். 1950-இல் கோல்ட் நிறுவனம் அலுமினியக் கலவையால் உடலைச் செய்து, ‘கோப்ரா’ என்ற ரிவால்வரை வெளியிட்டது. எடை ஏறத்தாழ 425 கிராமாகக் குறைந்தது. 1952-இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனமும் ‘ஏர்வெயிட்’ என்ற பெயரில் இத்தகைய ரிவால்வர்களைக் கொண்டுவந்தது. எஃகின் எடையில் மூன்றில் ஒரு பங்குதான் அலுமினியத்துக்கு என்பதே இதற்குக் காரணம்.

இந்த ஆசை ஒருமுறை எல்லை மீறியது. 1950-களில் அமெரிக்க விமானப்படை தன் விமானிகளுக்காக மிக இலேசான ரிவால்வர்களைச் செய்வித்தது. உடல் மட்டுமன்றி, தோட்டாக்கள் இருக்கும் சுழல் உருளையும் அலுமினியத்தால் ஆனது. சுடும் நேரத்தில் இவ்வகைத் தோட்டாவுக்குள் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1,200 கிலோகிராம் வரை அழுத்தம் எழும். அதைத் தாங்குவது அந்த உருளைதான். அலுமினிய உருளையால் அது இயலவில்லை. அழுத்தம் குறைந்த தனித் தோட்டாவைச் செய்தும் பார்த்தார்கள். இறுதியில் அந்த ரிவால்வர்களைத் திரும்பப் பெற்று, பெரும்பாலானவற்றை நொறுக்கிவிட்டார்கள். உடல் அலுமினியமாகலாம், உருளை எஃகாக இருக்க வேண்டும் என்ற பாடம் அப்போது உறுதியாயிற்று. டைட்டேனியம் உருளைகள் வந்தது 1990-களின் இறுதியில்தான்.

அலுமினியம் ஏன் தளர்கிறது? ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் அது ஓரிடத்தில் அற்றுப்போகும். இதை உலோகச் சோர்வு என்பார்கள். எஃகுக்கு ஓர் எல்லை உண்டு. அதற்குக் குறைவான சுமையை எத்தனை முறை ஏற்றினாலும் அது தாங்கும். அலுமினியத்துக்கு அத்தகைய தெளிவான எல்லை இல்லை. சிறிய அதிர்ச்சியும் கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். இலேசான ரிவால்வரில் குழல் திருகப்பட்டிருக்கும் இடத்துக்குக் கீழே உடல் மெல்லியதாக இருக்கும். விரிசல் விட்டால் பெரும்பாலும் அங்கேதான் விடும்.

இன்னொரு தொல்லையும் உண்டு. எடை குறையக் குறையப் பின்னுதைப்பு கூடும். அந்த உதறலில், இன்னும் சுடப்படாத தோட்டாவின் முனையிலுள்ள குண்டு சற்று வெளியே நழுவி, உருளையைச் சுழலவிடாமல் தடுத்துவிடலாம். உயிர்காக்க வேண்டிய நேரத்தில் கருவி ஊமையாகிவிடும்.

இனி மேற்பூச்சைப் பார்ப்போம். எஃகு ரிவால்வரின் கருநீல நிறம் சாயமன்று. இரும்பின் மேற்பரப்பையே பக்குவமாக மாற்றி உண்டாக்கிய மெல்லிய படலம் அது. வியர்வையின் உப்புப் பட்டால், எண்ணெய் காய்ந்த இடத்தில் துரு பிடிக்கும். அலுமினியத்துக்கு மின்சாரத்தின் உதவியால் ஒரு கடினமான தோலை வளர்த்து, அதில் நிறம் ஏற்றுவார்கள். பளபளக்கும் வண்ண அலுமினியத் தட்டுகளும் இப்படிச் செய்யப்பட்டவையே. தோல் உறையில் உரசும் குழல் முனையிலும் உருளையின் விளிம்பிலும் இந்த நிறம் முதலில் மறையும். நிக்கல் முலாம் பூசியவற்றில் வேறு ஆபத்து. முலாமுக்கு அடியில் செம்பு பூசியிருந்தால், அமோனியா கலந்த துப்புரவு நீர் கீறல் வழியே உள்ளே புகுந்து செம்பை அரிக்கும், முலாம் உரிந்து வரும். ரப்பர்ப் பால் உறையாமலிருக்கச் சேர்க்கும் அதே அமோனியாதான் இது.

இங்கேதான் நாம் மனத்தில் வைக்க வேண்டிய செய்தி இருக்கிறது. பூச்சு என்பது தோல், உலோகம் என்பது எலும்பு. நிறம் தேய்ந்த ரிவால்வர் பல ஆண்டுகள் உழைத்திருக்கிறது. பளபளப்பாக இருந்தும் மயிரிழை விரிசல் கொண்ட ரிவால்வர், அதைப் பிடித்தவரின் கையையே காயப்படுத்தும். ஆகவே ஆயுதப் பழுதுபார்ப்பவர்கள் தேய்மானத்தைக் கண்டு கலங்குவதில்லை, விரிசலைத்தான் தேடுகிறார்கள்.

நம் வீட்டிலும் இதே முறைதான். பால் வெட்டும் கத்தியின் வியர்வையையும் பாலையும் அன்றன்றே துடைத்து, சிறிது எண்ணெய் தடவுங்கள். அலுமினியப் பானையில் புளிக்குழம்பை இரவு முழுதும் வைக்காதீர்கள். அலுமினிய ஏணியிலும் மிதிவண்டியிலும் நிறம் போயிருந்தால் கவலை வேண்டாம். ஆனால் பற்றவைத்த மூட்டில் மெல்லிய கோடு தெரிந்தால், அதில் ஏறாதீர்கள், பிள்ளைகளையும் ஏறவிடாதீர்கள்.

பூச்சு தேய்ந்தால் துடைத்துப் பேணுவோம், விரிசல் கண்டால் விலக்கி வைப்போம்.