மூடியை எந்தப் பக்கம் திறப்பது?

உங்கள் வீட்டில் மேஜை மின்விசிறி இருக்கிறதா? அதன் முன்னால் ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தைப் படுக்க வையுங்கள். தைத்த பக்கம் காற்றைப் பார்த்து இருக்கட்டும். மேல் அட்டையை அரை விரல் அளவு தூக்கி விடுங்கள். அட்டை லேசாகப் படபடக்கும். அவ்வளவுதான். இப்போது நோட்டைத் திருப்பி, திறக்கும் பக்கம் காற்றைப் பார்க்கும்படி வைத்து, அதேபோல் தூக்குங்கள். அட்டை படாரென்று பின்னால் புரண்டு விழும்!

இந்த விளையாட்டுக்கும் விமானத்துக்கும் சம்பந்தம் உண்டு. சிறிய விமானங்களில் விமானியின் தலைக்கு மேல் ஒரு மூடி இருக்கும். அதற்குக் கேனபி என்று பெயர். பார்க்கக் கண்ணாடி மாதிரி இருந்தாலும், பெரும்பாலும் அது அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக். அந்த மூடிக்குக் கீல் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதுதான் பெரிய கேள்வி.

தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தில் 2020 ஜனவரி முதல் சுகோய்-30 போர் விமானப் பிரிவு ஒன்று இருக்கிறது. வயலில் நடவு நடக்கும்போது அந்த இரைச்சல் கேட்டு அண்ணாந்து பார்த்திருப்பீர்கள். சுகோயின் மூடிக்குக் கீல் பின்பக்கம்! நம் நோட்டு சோதனைப்படி இது ஆபத்து அல்லவா? ஆனால் ஆபத்து நேரத்தில் விமானி இருக்கையோடு வெளியே பாய வேண்டும். அதற்கு முன் மூடி பறந்து போயாக வேண்டும். முன் விளிம்பு கொஞ்சம் எழும்பினால் போதும், காற்றே அதைப் பிய்த்துக்கொண்டு போய்விடும்.

வீட்டிலேயே விமானம் செய்பவருக்கு அப்படிப்பட்ட இருக்கை கிடையாது. என்ன, வீட்டில் விமானமா என்று கேட்கிறீர்களா? கேரளாவின் ஆலப்புழையைச் சேர்ந்த அசோக் தாமராட்சன் என்ற பொறியாளர், இங்கிலாந்தில் தம் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையில் ஒரு விமானம் செய்தார். கொரோனா ஊரடங்குக் காலம் அது. தென்னாப்பிரிக்காவிலிருந்து ஸ்லிங் என்ற விமானத்தின் பாகங்களைப் பெட்டி பெட்டியாக வரவழைத்து, சுமார் ஒன்றரை ஆண்டில் பூட்டி முடித்து, 2022-ல் பறந்தார். வீட்டில் 4 பேர். விமானத்திலும் 4 இருக்கை. அதனால் அதில் முழு மூடி இல்லை. பறவை சிறகு விரிப்பதுபோல் மேல்நோக்கித் திறக்கும் இரண்டு கதவுகள். அதே நிறுவனத்தின் 2 இருக்கை விமானத்திலோ, மூடி பின்னால் நகரும்!

பக்கவாட்டில் திறக்கும் மூடியும் உண்டு. நம் பெங்களூரு தேசிய விமானவியல் ஆய்வகம் 1987-ல் பறக்கவிட்ட சிறு விமானம், 'லாங்-ஈஸி' என்ற அமெரிக்க வீட்டு விமானத்தை ஒட்டியது. லாங்-ஈஸியின் மூடி வலப்பக்கக் கீலில் திறக்கும். தாழ்ப்பாள் போட மறந்து மேலே கிளம்பியவர்கள் உண்டு! அதனால் மூடி முழுக்கத் திறந்துவிடாமல் பிடிக்க இரண்டாவது கொக்கி ஒன்றும் அதில் வைக்கிறார்கள்.

சரி, தஞ்சாவூர்க்காரர் ஒருவர் இரண்டு பேர் உட்காரும் விமானம் செய்வதாக வைத்துக்கொள்வோம். அமெரிக்காவின் ஆர்.வி.-7 விமானத்தைச் செய்பவர்கள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். ஒன்று, முன்பக்கக் கீலில் மேலே தூக்கும் மூடி. நோட்டின் தைத்த பக்கம்போல! பறக்கும்போது தாழ் விட்டுப்போனாலும் காற்று அதைப் பிய்க்காது. சில அங்குலம் எழும்பி நிற்கும். எதிரே கம்பி எதுவும் மறைக்காது. மற்றது, தண்டவாளத்தில் பின்னால் நகரும் மூடி. இதில் கண்ணுக்கு எதிரே வளைவான ஒரு கம்பிச் சட்டம் வரும்.

என் ஓட்டு நகரும் மூடிக்குத்தான். சித்திரை வெயிலில் அக்ரிலிக் மூடிக்குள் உட்கார்ந்தால் இட்லிப் பானைதான்! நகரும் மூடியைத் தரையில் ஓடும்போதே திறந்து வைக்கலாம். ஐப்பசி மழையில் திறந்தாலும் முன் கண்ணாடி அசையாமல் நிற்பதால், கருவிகள் அவ்வளவாக நனையாது.

இன்னொரு காரணம் நம் வயல். எஞ்சின் நின்றுபோனால் டெல்டாவில் இறங்க எங்கே இடம்? எங்கு பார்த்தாலும் நாற்றும் சேறும்தான். சேற்றில் முன்சக்கரம் புதைந்தால், விமானம் குட்டிக்கரணம் அடித்துத் தலைகீழாகக் கவிழலாம். அப்போது மேலே தூக்கும் மூடியை எப்படித் தூக்குவது? அதன் மேல்தான் விமானமே கிடக்கிறதே! சிறகுக் கதவுக்கும் பக்கவாட்டு மூடிக்கும் இதே கதிதான். நகரும் மூடி மட்டும், தண்டவாளம் வளையாமல் இருந்தால், பின்னால் போக வாய்ப்பு உண்டு. அந்த வளைவுச் சட்டமும் தலை நசுங்காமல் தாங்கும். பார்வையை மறைக்கிறதே என்று திட்டிய அதே கம்பிதான்!

தண்டவாளம் வளைந்துவிட்டால்? மூடியை உடைத்துத்தான் வெளியே வர வேண்டும். அதற்காகவே பலர் ஒரு சிறிய கூர்மையான சுத்தியலை வைத்துக்கொள்கிறார்கள். அதை இருக்கைக்கு அடியில் சும்மா போட்டு வைத்தால் பயனில்லை. விமானம் கவிழும்போது அது எங்கோ போய் விழுந்துவிடும். இடுப்புப் பட்டையில் தலைகீழாகத் தொங்கும்போதும் கை எட்டும் இடமாகப் பார்த்து, அசையாமல் பொருத்தி வைக்க வேண்டும்.