கோவைப்பழம் தின்றால் கிளி சிவக்குமா?

அன்னூர்ப் பக்கமிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “வீட்டில் ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸ் வளர்க்கிறோமுங்க. கிளுவை வேலியில் படர்ந்திருக்கும் கோவைப்பழத்தைப் பறித்துப் போட்டால் முகத்துச் சிவப்பு ஏறும் என்று விற்றவர் சொன்னார். போடலாமுங்களா?”

தாராளமாகப் போடலாம். ஆனால் அதனால் சிவப்பு ஏறாது. இந்தச் செடிக்கும் பறவைக்கும் உள்ள உறவு அதைவிடச் சுவையானது.

விற்றவர் சொன்னதில் ஒரு நியாயம் உண்டு. கோடியக்கரைக்கும் பழவேற்காட்டுக்கும் வரும் பூநாரைகளின் இளஞ்சிவப்பு, அவை தின்னும் பாசியிலிருந்தும் சிற்றுயிர்களிலிருந்தும் வருவது. கூண்டில் அடைத்து வேறு தீனி போட்டால் வெளிறிவிடும். கேனரிக் குருவிகளையும் தீனியாலேயே சிவக்க வைக்கிறார்கள். இவற்றுக்கெல்லாம் காரணம் கரோட்டினாய்டு என்னும் தாவர நிறமிகள். தக்காளியைச் சிவக்க வைக்கும் லைகோபீன் இந்தக் குடும்பம். கோவைப்பழத்தின் சிவப்பும் அதுதான். எனவே பழத்தின் சிவப்பு பறவைக்கும் ஏறும் என்று நினைப்பது இயல்பு.

லவ் பேர்ட்ஸும் சேர்ந்த கிளி இனத்தில் இந்தக் கணக்கு தப்புகிறது. கிளிகளின் ரத்தத்தையும் இறகையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோதித்த ஆய்வு 2004இல் வெளிவந்தது. ரத்தத்தில் கரோட்டினாய்டுகள் நிறையவே ஓடுகின்றன. இறகில் அவை இல்லை. இறகில் இருந்தது கிளிகளிடம் மட்டுமே காணப்படும் சிட்டாகோஃபுல்வின். 1882இல் குருக்கென்பெர்க் என்ற ஜெர்மானியர் பெயர் வைத்த நிறமி இது. பெயர் வைத்தபின் ஏறக்குறைய நூற்றிருபது ஆண்டுகள் அதன் வேதியமைப்பு தெரியாமலே கிடந்தது. வரலாறு இவ்வளவு போதும், நிறம் உருவாகும் பட்டறைக்குள் போவோம்.

பூநாரை, சாயத்தைச் சந்தையில் வாங்கி நூலில் ஏற்றும் நெசவாளி மாதிரி. கிளியோ சாயப்பட்டறையையே சொந்தமாக வைத்திருக்கிறது. இறகு முளைக்கும் ஒவ்வொரு குழியும் ஒரு தொட்டி. அதில் பாலிகீடைடு சிந்தேஸ் என்ற வகை நொதி ஒன்று, சின்னச் சின்னக் கரிமத் துண்டுகளைக் கோத்து நீண்ட சங்கிலியாக்குகிறது. அதுதான் சாயம். 2017இல் பட்ஜெரிகரிடம், அதாவது நம் ஊரில் வெறும் ‘லவ் பேர்ட்ஸ்’ என்று விற்கப்படும் குருவியிடம், இந்த நொதிக்கான மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். அதை ஈஸ்டுக்குள் வைத்தபோது ஈஸ்டும் மஞ்சள் நிறமியைச் செய்தது!

சிவப்பா, மஞ்சளா என்று யார் முடிவு செய்வது? அங்கேதான் எனக்கு வியப்பு அடங்கவில்லை. சங்கிலியின் நுனியில் ஆல்டிஹைடு என்ற அணுக்கூட்டம் இருந்தால் சிவப்பு. அது கார்பாக்சிலாக மாறினால் மஞ்சள். மாற்றுவது இன்னொரு நொதி. 2024இல் வெளிவந்த ஆய்வு இதைக் காட்டியது. பட்டறை மேஸ்திரி ஒருவர் தொட்டி தொட்டியாக நடந்து, இங்கே கொஞ்சம் மருந்து, அங்கே வேண்டாம் என்று கைகாட்டுவது போலத்தான். மருந்து அதிகம் விழுந்த இறகு மஞ்சள், விழாத இறகு சிவப்பு, நடுவில் விட்டது ஆரஞ்சு.

பச்சைக்கென்று தனிச் சாயம் கிடையாது. இறகின் உள்ளமைப்பு நீல ஒளியைத் திருப்பியனுப்பும். அதன்மேல் மஞ்சள் சாயம் ஏறினால் பச்சை. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம் வைத்து நெய்யும் மயில்கழுத்துப் பட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மரபணுவில் ஒரு சின்னப் பிழையால் மஞ்சள் பட்டறை மூடிப்போன பட்ஜெரிகர்தான் கடையில் விற்கும் நீலக் குருவி. இந்தச் சாயம் அழகுக்கு மட்டுமல்ல. நிறமேறிய கிளியிறகு வெள்ளை இறகைவிட, இறகைத் தின்னும் பாக்டீரியாவை நன்றாகத் தாங்குகிறது.

ஆகவே நிறம் ஏற்றும் பொடி, சொட்டுமருந்து என்று உங்கள் கிளிக்கு எதையும் வாங்காதீர்கள். அந்தச் சாயம் இந்தப் பட்டறைக்குள் நுழையாது.

அப்படியானால் கீரையும் காயும் போட்டபின் இறகு மினுங்குகிறதே என்பீர்கள். உண்மைதான். தினையும் சூரியகாந்தி விதையும் மட்டும் தின்னும் கூண்டுப் பறவைக்கு வைட்டமின் ஏ போதாது. வாயிலும் மூக்கிலும் உள்தோல் தடித்து, கிருமி எளிதில் பற்றும், இறகும் மங்கும். முருங்கைக்கீரை, கேரட்டிலுள்ள பீட்டா கரோட்டின் அந்தக் குறையைத் தீர்க்கும். லைகோபீன் வைட்டமின் ஏ ஆக மாறாது என்பதால் கோவைப்பழத்தை மட்டும் நம்பாமல் கீரையையும் சேர்த்துப் போடுங்கள். பழத்தைக் கொடியோடு தொங்கவிட்டால் பறவை பிய்த்து, உரித்து, பொழுதைக் கழிக்கும். வேலையில்லாமல் தன் இறகையே பிடுங்கிக்கொள்ளும் கூண்டுக் கிளிக்கு அதுவே பெரிய மருந்து. கொடுக்காப்புளியின் சதை, பால் பிடித்த தினைக்கதிர் இரண்டும் நல்லவை.

மருந்தடித்த காட்டோரம் பறிக்காதீர்கள். பறித்ததைக் கழுவிப் போடுங்கள். அரளி, தங்க அரளி, ஊமத்தை, ஆமணக்கு, குண்டுமணி, உண்ணிச்செடி இவற்றின் பக்கமே போக வேண்டாம். மலைப்பக்கமிருந்து வரும் பட்டர் ஃப்ரூட் நமக்கு நல்லது, பறவைக்கு நஞ்சு.

கடைசியாக ஒன்று. நம் பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதற்குரிய இடம் உங்கள் வேலிதான். கொடியில் பத்துப் பழம் பழுத்தால் வீட்டுப் பறவைக்கு இரண்டு பறியுங்கள். மிச்சத்தைப் பறந்து வருகிறவற்றுக்கு விட்டுவிடுங்கள்.